மலைக் கல்லூரியில் ஓர் உயிரறவியல் இதழ்: புதிதாகச் சேரும் மாணவ இதழாசிரியர்களுக்கு

இதழின் ஆசிரியர் குழுவில் சேர்ந்ததும், வருகிற கட்டுரைகளில் பிழை திருத்திப் பக்கம் கட்டினால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்த வேலையும் உண்டு, ஆனால் அது கடைசியில் வருவது. உயிரறவியல் என்றாலே நோய், மருந்து, மரபணு, பிரசவம், சாவு என்று மனிதர்களின் உடம்பைப் பற்றிய பேச்சு. இப்படிப்பட்ட இதழில் அச்சாகிற ஒரு பத்தியே ஒருவருடைய கல்யாணத்தைக் கெடுக்கலாம், வேலையைப் பறிக்கலாம். அதை அச்சுக்குப் போகுமுன் பிடித்து நிறுத்த வேண்டிய ஆள் நீங்கள்தான். நீலகிரி மாதிரி எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த மலையில் இந்தப் பொறுப்பு இரட்டிப்பாகிறது.

ஊட்டியில் படித்த காலத்தில் ஒரு மாணவர் இதழில் வேலை பார்த்தேன். இப்போதும் புதிய குழுக்கள் கூப்பிட்டால் போய் உட்கார்ந்து பேசுகிறேன். அங்கே திரும்பத் திரும்பச் சொல்வதைத்தான் இங்கே வேலை நடக்கிற வரிசையில் எழுதியிருக்கிறேன். கொடைக்கானல் பக்கம் படிப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

எதைப் போடுவது?

முதல் கூட்டத்திலேயே இதை முடிவு செய்யுங்கள். அதற்கு முன் நடந்துகொண்டிருக்கிற இதழ்கள் இரண்டைப் புரட்டிப் பாருங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர்களே நடத்தும் பென் பயோஎத்திக்ஸ் ஜர்னல் ஒன்று. மும்பையிலிருந்து 1993 முதல் வரும் இண்டியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் எத்திக்ஸ் இன்னொன்று. இரண்டாவது மாணவர் இதழ் அல்ல. ஆனால் இணையத்தில் காசில்லாமல் வாசிக்கலாம், நம் ஊர் ஆஸ்பத்திரிகளின் நிலவரம் அதில் இருக்கும்.

"கருணைக்கொலை சரியா, தவறா" என்ற கட்டுரை எப்படியும் வரும். 2011-இல் பல்லாண்டு நினைவிழந்து கிடந்த நர்ஸ் அருணா ஷான்பாக்கின் வழக்கு, 2018-இல் உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்த வழிவிட்ட உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, நடுவில் தன்னுரிமை, நன்மை, தீங்கின்மை, நீதி என்ற நான்கு கோட்பாடுகள், கடைசியில் "சமூகம் சிந்திக்க வேண்டும்". பத்தில் எட்டு இப்படித்தான் இருக்கும். ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியை மரியாதையாகத் திருப்பி அனுப்பலாம். மலையிலிருந்து வரும் இதழுக்கு இதைவிட நல்ல சரக்கு காலடியிலேயே கிடக்கிறது.

குன்னூர் பாஸ்டர் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1907-இல் தொடங்கியது. ஆட்டு மூளையிலிருந்து வெறிநாய்க்கடித் தடுப்பூசி தயாரித்த காலம் ஒன்று இருந்தது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று தாத்தா பாட்டிகள் பயமுறுத்துவது அதைத்தான். அந்த ஊசியால் சிலருக்கு நரம்புப் பாதிப்பு வந்தது, போடாமல் விட்டு வெறிநோய் வந்துவிட்டாலோ சாவு ஏறக்குறைய நிச்சயம். பாதுகாப்பான ஊசி வந்த பிறகும் விலை காரணமாகப் பழையதையே ஏழைகளுக்குப் போட்டது நியாயமா? இதை எழுத ஒரு மாணவர் டெல்லிக்குப் போக வேண்டாம், ஊட்டியில் பஸ் ஏறினால் போதும்.

பரம்பரையாக வரும் ரத்த நோயான அரிவாள் செல் ரத்தசோகை இன்னொன்று. இந்தியாவில் அந்த மரபணு இருப்பதை 1952-இல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் எழுதியது நீலகிரி மக்களின் ரத்தத்தைச் சோதித்துத்தான். எழுபது வருஷம் கழித்து, 2023 ஜூலையில், 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதாகத் தேசிய இயக்கம் தொடங்கியது. பரிசோதனை முடிவு கையில் வந்ததும் பெண் பார்க்கப் போகிற வீட்டில் அதைக் காட்டச் சொல்வார்களா? சொன்னால் யார் பதில் சொல்வது? கேரளாவில் நிபா என்றதும் நாடுகாணி சோதனைச்சாவடியில் காய்ச்சல் பார்ப்பது, கொடைக்கானலில் பாதரசக் கழிவுச் சர்ச்சையால் 2001-இல் மூடிய தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் தொழிலாளர்களுக்குத் தங்கள் மருத்துவப் பதிவுகள் மீது என்ன உரிமை என்பது, பழங்குடியினரின் மூலிகை அறிவைக் கட்டுரையாக்கினால் பலன் யாருக்கு என்பது எல்லாமே இப்படி உள்ளூர்க் கேள்விகள்தான். கடைசிக் கேள்விக்கு அகத்தியமலைக் காணிப் பழங்குடியினர் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சை மூலிகையின் கதையைப் பின்னணியாக வாசிக்கச் சொல்லுங்கள். மருந்து உரிமத்தில் வந்த பணத்தில் பாதி அவர்களுடைய அறக்கட்டளைக்கு என்று ஏற்பாடாகியும் சர்ச்சை ஓயவில்லை.

ஆய்வுக் கட்டுரை, விவாதக் கட்டுரை, நூல் மதிப்புரை, அனுபவக் குறிப்பு என்று நான்கு வகை போதும். ஒவ்வொன்றுக்கும் சொல் வரம்பு எழுதி வையுங்கள்.

குழு

ஆறிலிருந்து எட்டுப் பேர். எல்லோரும் ஒரே துறையாக இருக்கக் கூடாது. மருந்தியல் மாணவர்கள் மட்டும் உட்கார்ந்தால் எல்லாக் கட்டுரையும் மருந்துச் சோதனையைப் பற்றியே வரும். நர்சிங்கில் ஒருவர், சமூகப்பணி அல்லது சட்டம் படிப்பவர் ஒருவர், தமிழ் இலக்கியத்தில் ஒருவர் இருக்கட்டும். படுகர்களின் மொழியான படுகு பேசுகிறவரும் மலையாளம் தெரிந்தவரும் இருந்தால் பெரிய பலம்.

வழிகாட்டும் பேராசிரியர் ஒருவர் அவசியம். அவரால் என்ன முடியும், என்ன முடியாது என்பதை ஒரே பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஆலோசனை சொல்லலாம், சட்டச் சிக்கல் வருமென்றால் நிறுத்தச் சொல்லலாம், ஆனால் எந்தக் கட்டுரை வரும் என்பதை மாணவர் குழுதான் முடிவு செய்யும். இந்த ஒரு பக்கம் இல்லாமல் தொடங்கிய இதழ்கள் இரண்டாம் ஆண்டில் துறையின் செய்திமடலாகிவிடுகின்றன.

காலக்கணக்கு

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், பந்தலூர் பக்கம் மழை. கரண்டும் நெட்டும் போகும். அக்டோபர், நவம்பரில் அதே கதை குன்னூர், கோத்தகிரி பக்கம், மலைப்பாதையில் மண்சரிவோடு. நவம்பரிலும் ஏப்ரலிலும் பரீட்சை. மே மாதம் சீசன், பஸ்ஸில் நிற்கவும் இடமிருக்காது. ஆகவே ஜூலையில் அறிவிப்பு, செப்டம்பர் கடைசியில் கட்டுரை பெறுவது, அடுத்த இரண்டு மாதம் மதிப்பாய்வு, டிசம்பர், ஜனவரியில் திருத்தம், பிப்ரவரியில் வெளியீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஒரு இதழ் போதும். இரண்டு என்று அறிவித்து ஒன்றோடு நிற்பது பேரைக் கெடுக்கும்.

கட்டுரை வந்ததும்

வந்த அன்றே எண் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றி, கிடைத்தது என்று பதில் போடுங்கள். தமிழ்க் கட்டுரைகளை யூனிகோடில் மட்டும் வாங்குங்கள். பாமினியிலும் வேறு பழைய எழுத்துருக்களிலும் வருவதை மாற்றும்போது எழுத்து உடையும், அதைச் சரிசெய்ய ஒரு ஆளின் ஒரு வாரம் போகும். எழுதியவர் பெயரும் கல்லூரியும் தனித்தாளில் இருக்கட்டும். கட்டுரைக் கோப்பின் பண்புகளிலும் பெயர் ஒளிந்திருக்கும், அதையும் நீக்குங்கள்.

அடுத்து, பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனை. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறைப்படி 10 சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. ஆனால் மென்பொருள் காட்டும் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மேற்கோள்கள் சேர்ந்து 20 காட்டிய நேர்மையான கட்டுரையும் உண்டு, ஆங்கிலத்திலிருந்து வரிக்கு வரி தமிழாக்கி 0 காட்டிய திருட்டும் உண்டு. இரண்டாவதைப் பிடிக்க வாசிக்கிற கண்தான் வேண்டும். தமிழில் யாரும் இப்படிப் பேச மாட்டார்களே என்று தோன்றும் வாக்கியம் வந்தால் அதை ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள்.

அனுமதியும் ஒப்புதலும்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை வாசியுங்கள்.

மனிதர்களிடம் தகவல் வாங்கி எழுதிய ஆய்வு என்றால், தகவல் வாங்குவதற்கு முன்பே, ஆய்வால் யாருக்கும் கெடுதல் வராதா என்று பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதி இருந்திருக்க வேண்டும். கமிட்டியின் பெயர், அனுமதி எண், தேதி மூன்றையும் கேளுங்கள். அனுமதித் தேதியையும் தகவல் திரட்டிய தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேலையை முடித்துவிட்டு வாங்கிய அனுமதி செல்லாது. ஹாஸ்டல் நண்பர்களுக்கு கூகுள் படிவம் அனுப்பி மனநலம் பற்றிக் கேட்டதும் ஆய்வுதான். "சும்மா சர்வே மேடம்" என்பார்கள், சும்மா இல்லை. முழுக்கக் கருத்தாக எழுதிய கட்டுரைக்கு அனுமதி தேவையில்லை.

இதற்கு அடிப்படை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுநெறிகள். குழுவில் ஒவ்வொருவரும் அதன் ஒப்புதல் பகுதியையும், எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள் பற்றிய பகுதியையும் படித்தே ஆக வேண்டும். நமக்கு முக்கியமானவை சில. பழங்குடிப் பகுதிக்குள் ஆய்வுக்குப் போகுமுன் மாவட்ட ஆட்சியர் மாதிரி அதிகாரியின் அனுமதி வேண்டும். ஊர்த் தலைவர் சரி சொன்னாலும் ஒவ்வொருவரிடமும் தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும். எழுதப்படிக்கத் தெரியாதவரிடம் கைரேகை வாங்கினால் சார்பற்ற சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும். குழந்தைகள் என்றால் பெற்றோர் ஒப்புதலோடு குழந்தையின் சம்மதமும் வேண்டும்: 7 முதல் 12 வயது வரை வாய்மொழியாக, அதற்கு மேல் 18 வரை எழுத்தில்.

குழந்தைகள் விஷயத்தில் ஏன் இவ்வளவு கறார் என்று கேட்பவர்களுக்கு அப்போது ஆந்திராவிலும் இப்போது தெலங்கானாவிலும் உள்ள கம்மம் மாவட்டத்தைச் சொல்லுங்கள். அங்கே 2009-இல் பள்ளிச் சிறுமிகளுக்கு, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி போட்டார்கள். பலர் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். பெற்றோர் இடத்தில் விடுதிக் காப்பாளரும் தலைமையாசிரியரும் கையெழுத்துப் போட்டது பின்னால் வெளியே வந்தது. 2010 ஏப்ரலில் திட்டம் நின்றது, 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாக எழுதியது. நம் மலையிலும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே எடுத்த ஆய்வு உங்கள் மேசைக்கு வந்தால் முதல் கேள்வி, கையெழுத்து வார்டனுடையதா, அப்பா அம்மாவுடையதா என்பதாக இருக்கட்டும்.

தேயிலைத் தோட்டங்களிலும் இதே சிக்கல் வேறு உருவில் இருக்கிறது. தோட்டத்து டிஸ்பென்சரியில் வைத்து, மேனேஜர் அனுமதியோடு, தொழிலாளர்களிடம் கேள்வித்தாள் நிரப்பினேன் என்று எழுதியிருப்பார்கள். லைன் வீடும் வேலையும் அந்த நிர்வாகத்தின் கையில் இருக்கும்போது, "விருப்பமில்லை" என்று எத்தனை பேரால் சொல்ல முடிந்திருக்கும்? எத்தனை பேரைக் கேட்டீர்கள், எத்தனை பேர் மறுத்தார்கள் என்று கட்டுரையை எழுதியவரிடம் கேளுங்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

இனி அடையாளம். பெயரை மாற்றிவிட்டோம் என்று எழுதியவர் சொல்வார். சென்னையில் 45 வயது நர்ஸ் என்று எழுதினால் ஆயிரம் பேர் இருப்பார்கள். நீலகிரிப் பழங்குடிகளில் தோடர்கள் மொத்தமே சுமார் 2 ஆயிரம் பேர், கோத்தர்களுக்கு மலை முழுவதிலும் ஏழு ஊர். "கோத்தர் இனத்தைச் சேர்ந்த 45 வயது நர்ஸ்" என்று எழுதினால், பெயரைப் போடாமலே முகவரி கொடுத்த மாதிரிதான். ஒவ்வோர் இனமும் தன் ஊரைச் சொல்லும் மந்து, பாடி, ஹட்டி என்ற சொல் ஒன்று வந்தாலே யாருடைய ஊர் என்பது பாதி தெரிந்துவிடும்.

நான் சொல்லும் கணக்கு இது. வயது, இனம், தொழில், ஊர் ஆகிய நான்கில் இரண்டுக்கு மேல் ஒரே ஆளைப் பற்றிச் சேர்ந்து வரக் கூடாது. அந்த இரண்டும் வாதத்துக்குத் தேவையானவையாக இருக்க வேண்டும். தேவையில்லாத விவரத்தை எடுத்துவிடுங்கள். எடுப்பதற்குப் பதிலாக ஊரையோ வயதையோ பொய்யாக மாற்றி எழுதாதீர்கள், அப்புறம் ஆய்வே பொய்யாகிவிடும். எவ்வளவு குறைத்தாலும் தெரிந்துவிடும் என்றால், சம்பந்தப்பட்டவருக்கு அந்தப் பகுதியை அவர் மொழியிலேயே வாசித்துக் காட்டி, வெளியிடத் தனியாகச் சம்மதம் வாங்கி வரச் சொல்லுங்கள். ஆய்வில் கலந்துகொள்ளச் சொன்ன சரி, அச்சில் வரச் சொன்ன சரி ஆகாது. பணியர் பழங்குடியினருக்கோ படுகருக்கோ தமிழில் அச்சடித்த படிவத்தை நீட்டிவிட்டு ஒப்புதல் என்பது சரியில்லை. வாய்விட்டு விளக்கி, சாட்சியோடு ஒலிப்பதிவு செய்வதே மேல்.

சொந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதுகிறவர்களுக்கும் இது பொருந்தும். அத்தையின் கருச்சிதைவைப் பற்றி உருக்கமாக எழுதியிருப்பார்கள். அத்தைக்குத் தெரியுமா என்று கேளுங்கள். படங்கள் விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம்: நோயாளியின் முகம் தெரிகிற படம் கிடையாது, கண்ணை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைப்பதும் போதாது.

மதிப்பாய்வு

ஒரு கட்டுரைக்கு இரண்டு பேர். ஒருவர் முதுநிலை மாணவராக இருக்கலாம், இன்னொருவர் துறை தெரிந்தவராக இருக்க வேண்டும். யார் எழுதியது என்று அவர்களுக்கும், யார் வாசித்தது என்று எழுதியவருக்கும் தெரியக் கூடாது. மலையில் இது சிரமம், தலைப்பைப் பார்த்ததுமே ஆளைச் சொல்லிவிடுவார்கள். அதனால் மதிப்பாய்வாளர்களைக் கோயம்புத்தூர், மதுரை, வேலூர் பக்கம் தேடுங்கள். சம்பளம் இல்லாத வேலை, அதனால் கேட்கிற விதம் முக்கியம். சுருக்கமாக இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய மேடம், வணக்கம். எங்கள் மாணவர் இதழுக்கு அரிவாள் செல் பரிசோதனை பற்றி 3 ஆயிரம் சொற்களில் ஒரு கட்டுரை வந்துள்ளது. சுருக்கம் இணைத்துள்ளோம். மூன்று வாரத்தில் வாசித்துக் கருத்துச் சொல்ல இயலுமா? ஒப்புதல் வாங்கிய முறை பற்றி எங்களுக்குத் தனியாகச் சந்தேகம் இருக்கிறது. அதைக் குறிப்பாகப் பார்த்தால் உதவியாக இருக்கும். இயலாவிட்டால் ஒரு வரி எழுதினால் போதும், வேறொருவரைக் கேட்டுக்கொள்கிறோம்."

கேள்வியைக் குறிப்பாகக் கேட்டால் பதிலும் குறிப்பாக வரும். "நன்று, வெளியிடலாம்" என்ற ஒற்றை வரி மதிப்பாய்வைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

முடிவு, திருத்தம், பெயர்ப் பட்டியல்

ஏற்பு, திருத்தத்தோடு ஏற்பு, மறுப்பு. மறுப்புக் கடிதத்தைத் தள்ளிப் போடாதீர்கள். எழுதியவர் மெஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பார் என்பது காரணமாகாது. எதற்காக மறுத்தோம் என்று இரண்டு வாக்கியம், எதைச் சரிசெய்தால் வேறு இடத்துக்கு அனுப்பலாம் என்று ஒரு வாக்கியம் எழுதினால் போதும்.

இதைவிடச் சங்கடமானது பெயர்ப் பட்டியல். மாணவி தனியாக எழுதிய கட்டுரையில் துறைத் தலைவர் பெயர் முதலில் வரும். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: ஆய்வின் வடிவமைப்பிலோ தகவல் திரட்டுவதிலோ உருப்படியான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், எழுதியதற்குப் பொறுப்பு. நான்கும் இருந்தால்தான் எழுதியவர், இல்லையென்றால் நன்றியுரையில் பெயர். யார் என்ன செய்தார் என்று ஒரு படிவத்தை எல்லோரிடமும் வாங்குங்கள். சார் முகத்துக்கு நேரே மறுப்பதைவிட, "எல்லோரும் நிரப்புகிற படிவம் சார்" என்று நீட்டுவது சுலபம். செயற்கை நுண்ணறிவுக் கருவியை எழுத்தாளராகச் சேர்க்க முடியாது. பயன்படுத்தியிருந்தால் எதற்கு என்று எழுதச் சொல்லுங்கள்.

ஆசிரியர் குழுவில் இருப்பவரே கட்டுரை கொடுத்தால், அதைப் பேசும்போது அவர் அறையில் இருக்கக் கூடாது. வழிகாட்டிப் பேராசிரியருக்கும் இதேதான். தகராறு வந்தால் கோப் என்ற பதிப்பு அறநெறிக் குழுவின் விளக்கப் படங்கள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. எந்தப் புகாருக்கு அடுத்து என்ன செய்வது என்று படிப்படியாகக் காட்டும்.

வெளியீடு

ஓபன் ஜர்னல் சிஸ்டம்ஸ் இதழ் நடத்த உதவும் இலவச மென்பொருள், கல்லூரி சர்வரில் நிறுவித் தரச் சொல்லலாம். அது முடியாவிட்டால் கல்லூரித் தளத்தில் பிடிஎஃப் போட்டாலும் தப்பில்லை. இதழுக்கு அடையாளமான எட்டு இலக்க ஐஎஸ்எஸ்என் எண்ணை டெல்லியில் உள்ள தேசிய மையம் கட்டணமில்லாமல் தருகிறது. ஒவ்வொரு கட்டுரைக்கும் நிலையான இணைய அடையாளமான டிஓஐ வேண்டுமென்றால், அதைத் தரும் கிராஸ்ரெஃப் அமைப்புக்கு ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும்; காசில்லாதவர்கள் ஜெனோடோ என்ற இணையச் சேமிப்பகத்தில் ஏற்றினால் இலவசமாகவே கிடைக்கும். "யுஜிசி கேர் பட்டியலில் இருக்கிறதா?" என்று கேட்பவர்களுக்கு, தரமான இதழ்கள் என்று யுஜிசி வைத்திருந்த அந்தப் பட்டியலையே 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லுங்கள். எழுதுகிறவர்களிடம் பணம் வாங்காதீர்கள். மருந்துக் கம்பெனி விளம்பரமும் வேண்டாம், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் சுருக்கம் போடுங்கள். எந்த ஊரில் ஆய்வு நடந்ததோ அங்கே தமிழ்ச் சுருக்கத்தை எடுத்துப் போய் வாசித்துக் காட்டும் பொறுப்பை எழுதியவருக்கே கொடுங்கள். போனாரா என்று கேளுங்கள்.

வெளியான பிறகு

தவறு தெரிந்தால் கோப்பை ரகசியமாக மாற்றாதீர்கள். என்ன மாறியது, எப்போது மாறியது என்ற திருத்தக் குறிப்போடு மாற்றுங்கள். ஒருவருடைய அடையாளம் வெளியாகிவிட்டது என்ற புகாருக்கு மட்டும் விதிவிலக்கு. அன்றே கட்டுரையைத் தற்காலிகமாக இறக்கிவிட்டு அப்புறம் விசாரியுங்கள். புகார் செய்தவரின் பெயர் குறிப்பில் வரக் கூடாது.

மார்ச்சில் ஒப்படைப்பு. இதழின் மின்னஞ்சல் யாருடைய சொந்தக் கணக்காகவும் இருக்கக் கூடாது. கல்லூரி முகவரியில் எடுத்து, கடவுச்சொல்லை வழிகாட்டிப் பேராசிரியரிடமும் கொடுத்து வையுங்கள். கட்டுரைப் பதிவேடு, மதிப்பாய்வாளர் பட்டியல், சிக்கலான முடிவுகளை ஏன் எடுத்தோம் என்ற குறிப்பு ஆகியவற்றை ஒரே கோப்புறையில் வையுங்கள். ஒப்புதல் படிவங்களின் நகல்கள் மட்டும் அதில் வேண்டாம், அவை பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். புதிய குழுவில் இரண்டு பேராவது முதலாண்டு மாணவர்களாக இருந்தால் அடுத்த வருஷம் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. பழைய ஆசிரியர் ஒருவர் முதல் சில கூட்டங்களுக்கு வந்து உட்காரலாம், ஆனால் வாக்கு கிடையாது.